மஞ்சள் பெட்டி சொன்னதும் வீட்டில் சொன்னதும்

அமெரிக்காவில் எனக்கு முதலில் அலுத்துப்போனது உட்கார்ந்திருப்பதுதான். விமானத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வந்தவன், ஃப்ரீமான்ட்டில் என் தங்கை ரோசலின் வீட்டுச் சோபாவில் மறுபடியும் உட்கார்ந்தேன். அவள் கணவர் செல்வின் காலை ஏழரைக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவள் கைக்குழந்தையோடு மல்லாடிக்கொண்டிருப்பாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். புல்தரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகவே எழுந்து, பத்து நிமிடம் வேலை பார்த்துவிட்டு, தாமாகவே படுத்துக்கொள்ளும். அந்தக் குழாய்களுக்கு இருந்த வேலைகூட எனக்கு இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், அக்டோபர் ஆரம்பம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. நானோ திங்கட்கிழமையே வந்து இறங்கிவிட்டேன். நடுவில் ஆறு நாளை என்ன செய்வது?

ஊரில் நான் கப்பல் இன்சூரன்ஸ் சர்வேயர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் ஏறி, உயிர்காப்புப் படகு இருக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, எதெது காலாவதியாகிவிட்டது என்று பார்த்து எழுதுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு படி ஏறி இறங்குகிற கால்கள் இவை. முதல் நாளே ரோசலினின் ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிர் டப்பாக்களின் தேதியைப் பார்த்து மூன்றைத் தூக்கிப் போட்டேன். "அண்ணே, இது என்ன கப்பலா?" என்று கத்தினாள்.

செவ்வாய்க்கிழமை, மௌரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடைக்கு நடந்தே போவது என்று கிளம்பினேன். நடைபாதை அகலமாக, சுத்தமாக, ஆளே இல்லாமல் கிடந்தது. பத்து நிமிடத்தில் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "உங்கள் கார் நின்றுவிட்டதா? உதவி வேண்டுமா?" என்று கேட்டார். நடந்துதான் போகிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்த பரிதாபத்தை இன்னும் மறக்கவில்லை. கடையில் முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஐஸில் விறைக்க வைத்து விற்றார்கள். வாங்கிப்போய்க் குழம்பு வைத்ததில் காய் இருந்தது, வாசனை இல்லை.

புதன்கிழமை ரயில். டிக்கெட்டைத் துளையில் விட்டால் கதவு திறக்கும் என்று செல்வின் சொல்லியிருந்தார். உள்ளே போகும்போது திறந்தது. வெளியே வரும்போது திறக்கவில்லை. பணம் போதவில்லையாம். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். நம் ஊராக இருந்தால் எட்டுப் பேரும் எட்டு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பேசாமல் அடுத்த வரிசைக்கு மாறிக்கொண்டார்கள். கூண்டில் இருந்த பெண்மணிதான், "அன்பே, அந்த மெஷினில் இன்னும் முப்பது காசு போடு" என்று கருணை காட்டினார்.

அன்று சாயங்காலம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நான் நடந்துகொண்டிருந்ததைச் செல்வின் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் சென்னை அண்ணா நகர்க்காரர், சிரிக்காமல் கேலி பேசுவார்.

"மச்சான், உங்கள இப்படியே விட்டா கார்பெட் தேஞ்சு போயிடும். ஃப்ரைடே நாம மலைக்கு ட்ரைவ் பண்ணிப் போலாம். சியரா. காலைல போய்ட்டு நைட்டுக்குள்ள ரிடர்ன்."

"வேலை மாப்ள?"

அங்கேதான் சிக்கல். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். செல்வினின் கம்பெனியில் ஜனவரி முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது. க்ரீன் கார்டு மனுவும் அதே கம்பெனி வழியாகத்தான் போயிருந்தது. மேலாளர் முகம் சுளித்தால்கூட மனு நின்றுவிடுமோ என்று இவர்களுக்குப் பயம்.

"சிக் லீவ் போட்டுக்கறேன். ஒரு நாள் ஃபீவர் வராதா மனுஷனுக்கு?" என்றவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ரோசி, யாரு ஃபோன் பண்ணாலும் சரி, ஃபீவர், மாத்திரை போட்டுத் தூங்கறார். அவ்ளோதான். எக்ஸ்ட்ராவா ஒண்ணும் பேசாத. எங்க, சொல்லு பாப்போம்."

"ஹி ஹேஸ் ஃபீவர். ஹி இஸ் ஸ்லீப்பிங்" என்றாள் ரோசலின், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. நான் சிரித்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நானும் கேட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை அடுத்த வீட்டு கென் வந்தார். ஐம்பது வயது, பாய்மரப் படகு வைத்திருக்கிறவர். வார இறுதியில் மலைக்குப் போவதாகச் செல்வின் பொதுவாகச் சொல்லியிருந்ததால், கையில் ஒரு மஞ்சள் பெட்டியோடு வந்திருந்தார். தெர்மாஸ் பிளாஸ்க் அளவு, தலையில் ஒரு கம்பி. எனக்கு அதைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம். கப்பல் மூழ்கினால் எங்கே மூழ்கியது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லும் அபாயக் கருவி அது. வாரத்துக்கு இரண்டையாவது கையில் எடுத்துப் பார்க்கிறவன் நான்.

"மலை ஏறுகிறவர்களுக்கு இந்த மாதிரி எதையும் இங்கே இன்னும் விற்பதில்லை" என்றார் கென். "இது கடலுக்கானது. நிலத்தில் போட்டால் அதிகாரிகள் சந்தோஷப்பட மாட்டார்கள். உயிர் போகிற மாதிரி இருந்தால் மட்டும் போடுங்கள்."

நான் பெட்டியைத் திருப்பி பேட்டரியின் தேதியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முத்திரை உடையவில்லை, கம்பியில் துரு இல்லை. மனதுக்குள்ளேயே சர்வேயர் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். குன்றுகள்மேல் வரிசையாக நின்ற காற்றாடிகளைத் தாண்டும்போது விடிந்தது. மடியில் வைத்துக்கொண்டே பொடி தடவிய இட்லி சாப்பிட்டோம். சீட்டில் எண்ணெய் சிந்தியதற்குச் செல்வின் பத்து மைல் புலம்பினார். நான் அந்தப் பெட்டியின் பெருமையை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. சுவிட்சைப் போட்டதும் அந்த நம்பர் வானத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு இறங்கும். நம்பரை வைத்து உரிமையாளர் யார் என்று பார்த்து, முதலில் அவர் வீட்டுக்கு ஃபோன் போடுவார்கள். ஏனென்றால் தவறுதலாகப் போடப்படுவதுதான் அதிகம். எங்கள் துறைமுகத்தில் ஒரு தடவை தளத்தைக் கழுவின தண்ணீர் பட்டே ஒன்று கத்த ஆரம்பித்து, கப்பல் கம்பெனியில் ஃபோன் அலறியது. வீட்டில் ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஹெலிகாப்டர் கிளம்பிவிடும்.

"சூப்பர் சிஸ்டம்" என்றார் செல்வின்.

மலையடிவாரத்தில் ஒரு மரப் பெட்டிக்குள் நோட்டும் பென்சிலும் கிடந்தன. பெயர், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று நாமே எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டுமாம். பாபநாசம் பக்கம் மலையேறப் போனால் வனத்துறைக்காரர் நம்முடைய அப்பா பெயர் வரைக்கும் கேட்டு எழுதிக்கொள்வார். இங்கே கேட்க ஆளே இல்லை. நான் பென்சிலை எடுத்தேன். செல்வின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க மச்சான். அப்புறம் ரெக்கார்ட் ஆயிடும். இன்னிக்கு நான் பெட்ல இருக்கேன்."

பென்சிலை வைத்துவிட்டேன்.

மலை நன்றாகத்தான் இருந்தது. அட்டை கிடையாது, ஈரம் கிடையாது, பைன் மரத்தின் உலர்ந்த வாசனை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் பல நாள் பழகியவர்கள்போல 'ஹாய்' சொன்னார்கள். ரயில் நிலையத்தில் வாயைத் திறக்காத அதே ஜனங்கள்தானா இவர்கள்? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. உயரம் ஏற ஏற எனக்குத் தலை வலித்தது. செல்வின் பத்து அடிக்கு ஒரு தடவை நிற்க, நான் இருபது அடி முன்னால் போய் நின்று "வாங்க மாப்ள, வாங்க" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு சின்ன ஏரிக்கரையில் தக்காளி சாதமும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். அங்கேயே திரும்பியிருக்கலாம். நான்தான் அந்தப் பாறைச் சரிவுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன்.

சரிவில் பாதி ஏறியிருப்போம். பின்னால் கல் உருளும் சத்தம். திரும்பினால் செல்வின் இல்லை. இரண்டு ஆள் உயரம் கீழே, பாறை இடுக்கில் மல்லாந்து கிடந்தார். அவர் கத்தவில்லை. நான் சறுக்கிக்கொண்டு இறங்கிப் போனதும், மெதுவாக, "மச்சான், என் கால் எப்படி இருக்கு பாருங்க. எனக்குப் பாக்க பயமா இருக்கு" என்றார்.

வலது தொடை நடுவில் வளைந்திருந்தது. தொடை வளையக் கூடாத இடம் அது.

பையிலிருந்து மஞ்சள் பெட்டியை எடுத்தேன். செல்வின் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் மச்சான். போலீஸ் கேஸ் ஆயிடும். கம்பெனிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். கொஞ்ச நேரம் பாப்போமே."

"சும்மா இருங்க மாப்ள!" என்று கத்தினேன். என் தங்கை புருஷனிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. முத்திரையை உடைத்து, கம்பியை நீட்டி, சுவிட்சைத் தள்ளினேன். உச்சியில் வெள்ளை விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. மணி பன்னிரண்டு பத்து.

கப்பலில் ஊழியர்களுக்கு நான் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. கருவியைப் போட்டுவிட்டால் அதோடேயே இருக்க வேண்டும், நகரக் கூடாது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமலேயே. ஒரு மணி ஆயிற்று. இந்நேரம் கென்னுக்கு ஃபோன் போயிருக்கும் என்றேன். ஒன்றரை ஆயிற்று. கென் நம் வீட்டு நம்பரைக் கொடுத்திருப்பார் என்றேன். ரோசலின் பதறியிருப்பாளே என்று இருவரும் கவலைப்பட்டோம். இரண்டு மணிக்கு இரைச்சல் கேட்டது, எழுந்து கையை ஆட்டினேன். எங்கோ உயரத்தில் பயணிகள் விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

இரண்டரைக்குச் செல்வினுக்கு நடுக்கம் ஆரம்பித்தது. தொடை வீங்கி, பேன்ட் இறுகிப் பிடித்திருந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. என் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டேன். சாப்பிட விரித்த பிளாஸ்டிக் விரிப்பை மேலே சுற்றினேன். நிழல் ஏற ஏறக் குளிர் அடித்தது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், பாறைமேல் ஏறிப் பார்த்தேன், இறங்கினேன். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. என் தொழிலில் நான் நம்பிய பொருள் அது. அது பழுதாகவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியானால் ஏன் ஒருவரும் வரவில்லை?

மூன்றேகாலுக்கு அவர் பேச்சு குழற ஆரம்பித்தது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பெட்டியை அவர் மார்போடு அணைத்து வைத்து, தண்ணீரைக் கைக்கெட்டும்படி வைத்துவிட்டு, "மாப்ள, நான் கீழே போய் ஆள் கூட்டிட்டு வாரேன். தூங்கிராதீங்க" என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றார் செல்வின், ஏதோ நான் கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி.

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தப்பான பக்கம் போய், புதரில் முட்டி, திரும்பி வந்தேன். கால் மணி நேரம் வீண். அந்தக் கால் மணி நேரத்துக்காக என்னையே நான் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது. நாலரை மணிக்கு ஏரிக்குக் கீழே ஒரு வயதான தம்பதி முதுகில் மூட்டையோடு எதிரே வந்தார்கள். அந்த அம்மாளிடம் செல்ஃபோன் இருந்தது. அதில் சிக்னல் இல்லை. என் ஆங்கிலம் மூச்சு வாங்கலில் பாதிதான் வெளியே வந்தது. ஆனால் அவர் பாதியிலேயே புரிந்துகொண்டு, "முகட்டுக்கு ஏறினால் கிடைக்கும்" என்று மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அறுபது வயதில் எனக்கு முன்னால் ஏறினார்.

முகட்டில் கிடைத்தது. ஷெரிஃப் அலுவலகத்துக்கு, அதாவது அந்த வட்டாரப் போலீஸுக்கு, இணைப்புக் கொடுத்தார்கள். ஒரு பெண் குரல். மஞ்சள் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"ஆமாம், அந்தக் கருவி பற்றி, அபாயச் சிக்னல்களைக் கவனிக்கும் விமானப் படையிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது" என்றார் அவர். "வீட்டில் விசாரித்துவிட்டார்கள். கருவியை இரவல் வாங்கிய நபர் காய்ச்சலில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார். கருவி வேறு யாருடைய காரிலோ கிடந்து தானாக இயங்கியிருக்கலாம் என்று குறிப்பு இருக்கிறது. நாளைக் காலையில் ஒருவர் வந்து பார்ப்பார்."

"அந்த நபர் என் கண் முன்னால் விழுந்தார்" என்றேன். "தொடை உடைந்து பாறையில் கிடக்கிறார்."

"நீங்கள் யார்?"

"அவர் மனைவியின் அண்ணன்."

"அப்படியானால் உங்கள் தங்கை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?"

இதற்கு ஆங்கிலத்தில் என்ன பதில் சொல்வது? லீவு, மேலாளர், க்ரீன் கார்டு என்று எங்கே ஆரம்பிப்பது? "நாங்கள் சொல்லச் சொன்னோம். அவள் சொன்னாள்" என்றேன். பேட்டரியைப் பார்த்த நான், முத்திரையைப் பார்த்த நான், அந்தக் கருவியின் கடைசி உறுப்பு ஃப்ரீமான்ட் சமையலறைச் சுவரில் ஃபோனாகத் தொங்குகிறது என்பதைப் பார்க்கவில்லை. அதைப் பழுதாக்கும்போது பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, வரைபடத்தை விரித்து, இடத்தைச் சொன்னார். ஷெரிஃப் அலுவலகத்தில் இன்னொரு லைனில் ரோசலினைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவள் உண்மையைச் சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆறு மணிவாக்கில் ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. வெளிச்சம் போக அரை மணி நேரம்தான் இருந்தது. திரும்பி வரும்போது உள்ளே செல்வின் உயிரோடு போகிறாரா, எப்படிப் போகிறார் என்று கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஷெரிஃபின் ஆள் ஒருவர் என்னை ஜீப்பில் ஏற்றிப் பள்ளத்தாக்கு நகரத்து மருத்துவமனையில் விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை கண்டித்துப் பேசவில்லை. நம் ஊர் இன்ஸ்பெக்டராக இருந்தால் நாலு அறை விட்டிருப்பார், எனக்கும் மனசு ஆறியிருக்கும். தொடைக்குள்ளேயே ரத்தம் நிறையப் போயிருந்தது என்றும், உடம்பு ஏற்கெனவே குளிர்ந்துவிட்டிருந்தது என்றும், விடியும்வரை தாங்கியிருக்க மாட்டார் என்றும் டாக்டர் சொன்னார். கம்பி வைத்துத் தைத்தார்கள். கென் தன் காரில் ரோசலினையும் குழந்தையையும் கூட்டி வந்துவிட்டார். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை செல்வின் கண் விழித்ததும் கேட்டது ஃபோனைத்தான். மேலாளர் சனிக்கிழமையும் ஆபீஸில் இருப்பார். எல்லாவற்றையும் செல்வினே அவரிடம் ஒப்புக்கொண்டார். பேசி முடித்துவிட்டு ஃபோனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"ஒரு நாள்தானே, கேட்டிருந்தா குடுத்திருப்பேனேன்னு சொல்றார் மச்சான்."

அவர் சிரிக்க முயன்றார். வலியில் முடியவில்லை.

பங்குச் சாமியாரிடம் சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தோம். மாற்றுத் துணியும் இன்சூரன்ஸ் அட்டையும் எடுத்துவர, மத்தியானம் நான் கென்னோடு ஃப்ரீமான்ட் போனேன். காரில் இரண்டு மணி நேரமும் ரோசலினிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தேன். ஆபீஸ்காரன் வெள்ளிக்கிழமை காலையிலேயே பேசிவிட்டானாமே, மத்தியானம் பேசியவன் தான் யார் என்று சொன்னானா இல்லையா? சொன்னால் உனக்குப் புரியாதா? எம்.ஏ. படித்தவள்தானே நீ? நல்ல காரமான கேள்விகளாகத் தயார் செய்திருந்தேன்.

அவர்கள் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

விளக்கைப் போட்டேன். இரண்டு தலையணைகளை நீளவாக்கில் வைத்து, வீட்டிலேயே தடிமனான கம்பளிப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தது. பக்கத்து மேசையில் தண்ணீர் டம்ளர், மாத்திரை அட்டை, தெர்மாமீட்டர். மேல் தலையணைமேல், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கைக்குட்டை நாலாக மடித்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதற்கு அடியில் தலையணை உறையில் தண்ணீர்க் கறை பெரிய வட்டமாகப் படிந்திருந்தது.

இந்தத் துணி நனைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் பாறையில் பிளாஸ்டிக் விரிப்புக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கோத்து வைத்த கேள்விகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கென் கீழேயிருந்து கூப்பிட்டதும் தலையணைகளை அதனதன் இடத்தில் வைத்து, உறையை மாற்றி, போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மருத்துவமனைக்குத் திரும்பியபோது செல்வின் தூங்கிக்கொண்டிருந்தார். ரோசலின் குழந்தையை மடியில் போட்டபடி நாற்காலியில் இருந்தாள். என் கையிலிருந்த போர்வையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க பாத்துட்டீங்களா அண்ணே?"

"ம்."

"ஏர் ஃபோர்ஸ்னு தெளிவாத்தான் சொன்னாங்க. மலையிலேர்ந்து சிக்னல் வருது, உங்க ஹஸ்பண்ட் எங்க இருக்காருன்னு கேட்டாங்க. கவர்மென்ட்டுன்னதும் எனக்குப் பயம் வந்துட்டு. காலைல ஆபீஸுக்கு ஒண்ணு சொல்லியாச்சு, இப்ப மாத்திச் சொன்னா க்ரீன் கார்டு போயிரும்னு அதையே சொல்லிட்டேன். யாராவது நேர்ல வந்து பாத்தா என்ன செய்யன்னு தலையணைய எடுத்து வச்சேன்."

"சரி, விடு."

"இல்லண்ணே, கேளுங்க. ஒருத்தரும் வரல. எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவருக்கு என்னமோ ஆயிட்டுன்னு. திருப்பி எங்க ஃபோன் பண்ணணும்னுகூட அவங்ககிட்ட கேட்டு வச்சுக்கல. அஞ்சு மணி வரைக்கும் அந்தத் தலையணைகிட்டயே உக்காந்திருந்தேன். துணிய நனைச்சு நனைச்சுப் போட்டேன். போட்டுக்கிட்டே இருந்தா, அவர் இங்கதான் இருக்காரு, இங்கதான் படுத்திருக்காருன்னு இருந்துச்சு. எழும்பினா அவர் இல்லாம போயிருவார்னு பயமா இருந்துச்சுண்ணே."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் எழுந்து, போர்வையை உதறி, கட்டுப் போட்ட கால்மேல் பாரம் விழாமல் பார்த்துப் பார்த்து, அவர் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினாள்.